மூச்சுக்கு எத்தனை கிராம்

பதினொன்று பத்து. நாடி எழுபத்தாறு, ரத்த அழுத்தம் நூற்று இருபதுக்கு எண்பது, ஆக்சிஜன் நூறு. ஒச்சம்மாள் தூங்குகிறாள். தூங்குகிறாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. தூங்க வைத்திருப்பவள் நான். அவளாக மூச்சு விட முடியாது, தசைகளையெல்லாம் மருந்து போட்டுக் கட்டிப்போட்டிருக்கிறேன், என் மெஷினின் துருத்திதான் நிமிடத்துக்குப் பன்னிரண்டு தடவை ஏறி இறங்கி அவளுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் வயிறு, அது டாக்டர் ஜெயசிங்குடையது. இந்தப் பக்கம் தலையும் மூச்சும், அது என்னுடையது. ஒரு துணியைக் குறுக்கே கட்டி இப்படித்தான் ஒரு மனுஷியை நாங்கள் பாகம் பிரித்துக்கொள்கிறோம். குடல் முறுக்கிக்கொண்டு மூன்று நாளாக வாந்தி. பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக்கடை வைத்திருக்கிறாள், நாற்பத்தெட்டு வயது, அந்த மூன்று நாளும் வாந்திக்கு நடுவில் இட்லி ஊற்றியிருக்கிறாள். "கடைய மூடுனா ஆளுக வேற கடைக்குப் போயிருவாக தாயி" என்று காலையில் மேஜையில் படுத்துக்கொண்டு எனக்கு விளக்கம் வேறு. எனக்கென்று ஓர் ஆஸ்பத்திரி கிடையாது. போன் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மயக்க மருந்து டாக்டர். இந்தத் தியேட்டருக்கு இந்த வாரம் இன்றுதான் வருகிறேன். போகிற இடத்திலெல்லாம் எனக்குப் பெயர் "ஒரு லிட்டர் மேடம்". மற்றவர்கள் நாலு லிட்டர், ஆறு லிட்டர் என்று காற்றைத் திறந்துவிட்டுவிட்டு செல்போனைப் பார்ப்பார்கள். நான் முதல் பத்து நிமிடம் மட்டும் அப்படி விட்டு, பிறகு நிமிடத்துக்கு ஒரே ஒரு லிட்டருக்கு இறக்கிவிடுவேன். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் கேட்கும்போதெல்லாம் உள்ளுக்குள் குளிர்ந்துபோகும் எனக்கு.

ஒரு லிட்டர் எப்படிப் போதும் என்று யாராவது கேட்கமாட்டார்களா என்றிருக்கும். கேட்டால் சொல்ல எவ்வளவு இருக்கிறது. ஒச்சம்மாள் விடுகிற மூச்சு வெளியே போய்விடுவதில்லை. குழாய் வழியாக மெஷினுக்கு வந்து, என் முழங்கால் உயரத்தில் இருக்கும் கண்ணாடி போன்ற டப்பாவுக்குள் நுழைகிறது. டப்பா நிறைய சுண்ணாம்புக் குருணை, ஒரு கிலோ, ஜவ்வரிசியைவிடக் கொஞ்சம் பெரிது, வெள்ளை வெளேரென்று. மூச்சில் இருக்கும் கரியமில வாயு அந்தச் சுண்ணாம்போடு கூடி அங்கேயே கல்லாகிவிடும். மிச்சக் காற்று சுத்தமாக அவளிடமே திரும்பிப் போகும். கல் என்றால் நிஜமாகவே கல். அவள் உடம்பு நிமிடத்துக்கு இருநூறு மில்லி கரியமில வாயு விடுகிறது, மணிக்குப் பன்னிரண்டு லிட்டர். இருபத்து நாலு லிட்டர் சேர்ந்தால் ஒரு மோல், அதாவது எடை தெரிந்த ஒரு கட்டு. ஆகவே மணிக்கு அரை மோல், இருபத்திரண்டு கிராம். அதைப் பிடித்துக்கொள்ள அரை மோல் சுண்ணாம்பு வேண்டும், முப்பத்தேழு கிராம். பிடித்து முடித்தால் கிடைப்பது ஐம்பது கிராம் சுண்ணாம்புக்கல், ஒன்பது கிராம் தண்ணீர். இருபத்திரண்டும் முப்பத்தேழும் ஐம்பத்தொன்பது. ஐம்பதும் ஒன்பதும் ஐம்பத்தொன்பது. எத்தனை ஆயிரம் தடவை போட்டிருப்பேன் இந்தக் கூட்டலை, ஒவ்வொரு தடவையும் கடைசி வரியில் கொஞ்சம் மூச்சு நின்றுதான் வருகிறது. யார் சொல்லி அது இப்படிச் சரியாக வருகிறது? ஒச்சம்மாளுக்கு இந்தக் கணக்கு தெரியாது, சுண்ணாம்புக்குத் தெரியாது, ஜெயசிங்குக்குத் தெரிந்தும் மறந்துபோயிருக்கும். ஆனாலும் ஒரு கிராம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகாது. போன வாரம் அவள் தின்ற இட்லி, அந்த அரிசி எந்த வயலிலோ வெயிலில் நின்று காற்றிலிருந்து இழுத்துச் சேர்த்த கரி, அவள் ரத்தத்தில் ஓடி, நெஞ்சுக்கூட்டில் ஏறி, இந்தக் குழாயில் வந்து, மணிக்குப் பத்து சாக்பீஸ் கனத்துக்கு இங்கே கல்லாகி உட்காருகிறது. பள்ளிக்கூட சாக்பீஸ் வேறு, அது ஜிப்சம் என்று எனக்குள் இருக்கும் ஒரு வாத்தியாரம்மா உடனே திருத்துகிறாள். இருக்கட்டும் அம்மா. இந்த ஒரு தடவை விட்டுவிடு.

பதினொன்று பதினெட்டு. நாடி எண்பத்து நாலு. ஜெயசிங் குடலை இழுக்கிறார், அதற்குத்தான். குடலை இழுத்தால் நாடி ஏறும், யாருக்கும் ஏறும். எட்டாம் வகுப்பில் ஸ்ட்ராவை வாயில் வைத்துத் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீருக்குள் ஊதச் சொன்னார்கள், ஊதினேன், தண்ணீர் பால் மாதிரி வெளுத்துப்போயிற்று. வகுப்பில் மற்றவர்களெல்லாம் சிரித்தார்கள், நான் பயந்துவிட்டேன். என் வாய்க்குள்ளிருந்து என்ன போயிற்று அதற்குள்? இத்தனை நாள் சும்மா காற்று என்று நினைத்துக்கொண்டிருந்தது இவ்வளவு கனமாகவா இருந்தது? அந்தப் பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. வயதாக ஆக அது பக்தி மாதிரி ஆகிவிட்டது. அந்த வருஷம் பொங்கலுக்கு மதுரையில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடித்தார்கள். ஈரச் சுவர் வாசனை, நாங்கள் ஆறு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் படுத்திருந்தோம். சுவர் காயக் காய இறுகுவது வெயிலால் அல்ல, காற்றிலிருக்கும் கரியமில வாயுவால் என்று பிற்பாடு படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அப்படியானால் அந்தச் சுவரில் அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறாள், விடாமல் இருமிக்கொண்டிருந்த தம்பி மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறான். தொட்டால் கையில் ஒட்டும் அந்த வெள்ளை. இதை ஒரு தடவை என் கணவரிடம் சொன்னேன். "நல்ல வேளை, உனக்கு மயக்க மருந்து வேலை கிடைச்சுது, இல்லாட்டி எங்கேயாவது கோயில்ல உக்காந்து குறி சொல்லிட்டிருப்ப" என்றார். அவர் பக்கத்தில் படுத்துத் தூங்கும்போது எண்ணியிருக்கிறேன், அவரும் மணிக்கு அரை மோல். அவர் போய் ஏழு வருஷமாகிறது. அந்த அறையில் மணிக்கு அரை மோல் குறைவு; எந்தப் பழமொழியும் சொல்லாததை அந்தக் கணக்கு எனக்குச் சொன்னது, அழவும் வைத்தது.

பதினொன்று இருபத்தைந்து, தொண்ணூற்று இரண்டு. கரியமில வாயுவைக் காட்டும் கருவியைப் பார்க்கிறேன். அங்கே எண் இல்லை, ஒரு கோடு மட்டும். தொடக்கத்தில் முப்பத்தெட்டு என்று ஒழுங்காகக் காட்டியது. நான் ஒரு லிட்டருக்கு இறக்கிய கொஞ்ச நேரத்தில் அதன் மெல்லிய குழாயில் ஈரம் அடைத்து, கண்ணை மூடிக்கொண்டது. சங்கிலி அதைக் கழற்றி ஊதிப் பார்த்தார், மாட்டினார், திரும்பவும் கோடுதான். சங்கிலி இந்தத் தியேட்டரின் டெக்னீஷியன், இருபத்தாறு வருஷமாக இங்கேதான் இருக்கிறார், டாக்டர்கள் வந்து போவார்கள், அவர் இருப்பார். "மாத்துக் குழாய் நாளைக்குத்தான் வரும் மேடம்" என்றார். சரி, வேண்டாம், சுண்ணாம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். சொன்னேனா? சொன்னேன். குனிந்து டப்பாவைப் பார்த்தேன், வெள்ளை. அந்தக் குருணையில் ஒரு சாயம் கலந்திருக்கும். சுண்ணாம்பு தீரத் தீர வெள்ளை மாறி ஊதா ஏறும். ஊதா ஏறினால் கொட்டிவிட்டுப் புதிது போட வேண்டும். ஊதா இல்லை. வெள்ளை. எண் இல்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறது. "மேடம்" என்கிறார் ஜெயசிங் துணிக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னைக்கு என்ன, தொட்ட எடமெல்லாம் கசியுது? பிரஷர் எவ்வளவு?" நூற்று நாற்பத்தாறு. "கொஞ்சம் எறக்கிக் குடுங்க." தருகிறேன் டாக்டர். வலி தெரிகிறது போலிருக்கிறது அவளுக்கு, மயக்கத்துக்குள்ளேயே உடம்பு அலறுகிறது, நாடியும் அழுத்தமும் ஏறினால் முதலில் நினைக்க வேண்டியது வலி. ஃபென்டனில் ஊசி ஐம்பது மைக்ரோகிராம், ஏற்றுகிறேன். இப்போது இறங்கும். இரண்டு நிமிடம். பார்.

இறங்கவில்லை. தொண்ணூற்றெட்டு. மூன்று நிமிடம். நூற்று நாலு. நெற்றியில் வேர்வை, இந்த ஏசிக் குளிரில், கறுத்த நெற்றியில் முத்து முத்தாக. துடைத்துவிடுகிறேன், துடைத்த இடத்தில் திரும்பவும் பூக்கிறது. கன்னம் சூடாக இருக்கிறது. ஆக்சிஜன் நூறு, அது மட்டும் அசையாமல் நூறு, அதைப் பார்த்து ஆறுதல்பட்டுக்கொள்ளும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆக்சிஜன் நூறு இருந்துகொண்டே ஒரு மனுஷி கெட்டுப்போகலாம். எதனால்? காய்ச்சலா, மருந்து ஒத்துக்கொள்ளாத அந்த அபூர்வக் காய்ச்சலா, அது வந்தால் உடம்பு இரும்பு மாதிரி விறைக்கும், தாடையைத் தொட்டுப் பார்க்கிறேன், விறைப்பு இல்லை. ரத்தம் குறைந்ததா, குறைந்தால் அழுத்தம் இறங்கும், இது ஏறுகிறது. வலிதான். இன்னொரு ஐம்பது கொடு. ஊசியைக் கையில் எடுத்தாயிற்று. ஏதோ ஒன்று தடுக்கிறது, முள்ளில் சேலை மாட்டினது மாதிரி, இழுத்தால் வரமாட்டேன் என்கிறது. கசிவு, வேர்வை, சூடான கன்னம், ஏறும் நாடி. இந்த நாலையும் சேர்த்து ஒரு பக்கத்தில் படித்திருக்கிறேன், அந்தப் பக்கத்தின் தலைப்பு தெரியும், தலைப்பைச் சொல்லத்தான் மனசு வரவில்லை. ஏனென்றால் வெள்ளை. வெள்ளையாகத்தானே இருக்கிறது. நான் பார்த்தேன். காலையிலும் பார்த்தேன். பார்த்தேன், கேட்கவில்லை. எப்போது மாற்றியது என்று கேட்கவில்லை. டப்பாவின் மேல் ஒரு பிளாஸ்டர் துண்டு ஒட்டி மாற்றிய தேதியை எழுதி வைப்பது வழக்கம். இந்த டப்பாவில் பிளாஸ்டர் இருக்கிறது, எழுத்து ஸ்பிரிட் பட்டு அழிந்து ஒரு நீலத் தீற்றல் மட்டும். அதையும் பார்த்தேன். ஒரு கிலோ சுண்ணாம்பு, குருணையில் கலந்திருக்கும் ஈரம் போக, கணக்குப்படி இருபது மணி நேரம் தாங்கும், நடைமுறையில் பாதிதான், காற்று தனக்கென்று சந்து பிடித்து ஓடிவிடும், பத்துப் பதினோரு மணி நேரம் என்று ஊர் முழுக்கப் போகிற இடமெல்லாம் பாடம் நடத்துகிறவள் நான், நிறத்தை நம்பாதீர்கள் மணியைக் கூட்டுங்கள் என்று. இன்றைக்குக் கூட்டவில்லை. ஒரு லிட்டருக்கு இறக்கும் அவசரம்.

நூற்றுப் பன்னிரண்டு. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் குனிகிறேன், கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை டப்பாவின் மேல் வைக்கிறேன். சில்லென்று இருக்கிறது. கையை எடுத்துத் தொடையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு திரும்பவும் வைக்கிறேன், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. சில்லென்றுதான். ஒரு மோல் கரியமில வாயு கல்லாகும்போது பதினாலு கிலோ கலோரி வெளிவரும், அரை மோலுக்கு ஏழு, ஒரு லிட்டர் தண்ணீரை ஏழு டிகிரி சூடாக்கப் போதும். அரை மணிக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிற டப்பா, யாரோ இப்போதுதான் எழுந்துபோன பாய் மாதிரி வெதுவெதுவென்று இருக்க வேண்டும். இது சும்மா கிடந்த கல். இதற்குள் எதுவும் நடக்கவில்லை. ஒச்சம்மாளின் மூச்சு உள்ளே போய், கல்லுக்கு நடுவே சும்மா நடந்து, போனபடியே வெளியே வந்து அவளுக்குள்ளேயே திரும்பியிருக்கிறது, நான் சாக்பீஸ் எண்ணிக்கொண்டிருந்த நேரமெல்லாம். கண் வெள்ளை என்கிறது, கை பொய் என்கிறது, கணக்கு கையின் பக்கம் நிற்கிறது. குமிழைத் திருகுகிறேன், ஒன்று, நாலு, எட்டு, பத்து லிட்டர். துருத்தி முரட்டுத்தனமாக இரைகிறது. "சங்கிலி அண்ணே, இந்தச் சுண்ணாம்பு எப்ப போட்டது?" "திங்கக்கிழமை மேடம்." இன்று வியாழன். "நேத்து சாயந்தரம் எப்படி இருந்துச்சு?" அவர் முகமூடிக்கு மேலே கண்கள் ஒரு கணம் டப்பாவுக்குப் போய் வருகின்றன. "நேத்து லேசா ஊதா ஓடுச்சு மேடம். காலைல மாத்தலாம்னு விட்டேன். காலைல வந்து பாத்தா வெள்ளையாயிருந்துச்சு. சரி, நாந்தான் கண்ணு மங்கிப் பாத்துட்டேன் போலன்னு..." வெள்ளையாகத்தான் ஆகும் அண்ணே. தீர்ந்துபோன சுண்ணாம்பு ஒரு ராத்திரி சும்மா இருந்தால் ஊதா மறைந்து வெள்ளைக்குத் திரும்பும். மறுநாள் ஓட்டினால் மறுபடி ஊதா வரும், அதில்தான் பிடிபடும். ஆனால் மெஷினை ஜன்னலோரம் தள்ளி வைத்திருக்கிறீர்கள், போன மாதம் ஏசி ஒழுகியதிலிருந்து. பகலெல்லாம் வெளிச்சம் பட்டால் சாயமே செத்துவிடும், பிறகு ஊதா ஏற வழியில்லை. இது எனக்குத் தெரியும். புத்தகத்தில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன், ஜன்னலைத் தாண்டித்தான் காலையில் இந்த நாற்காலிக்கு வந்தேன்.

பத்து லிட்டர் போகிறது. இனி சுண்ணாம்பு வேண்டாம். புதுக் காற்று பழையதை அடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். எவ்வளவு நேரத்தில்? குழாயிலும் துருத்தியிலும் இருப்பது ஐந்தாறு லிட்டர், அது ஒரு நிமிடத்தில் போய்விடும், ஆனால் அவள் ரத்தத்திலும் சதையிலும் ஊறிக்கிடப்பது? கரைந்தது கரைந்த வழியிலேதான் திரும்பி வர வேண்டும், மூச்சு மூச்சாக, அதற்குக் குறுக்கு வழி கிடையாது, கும்பிட்டாலும் கிடையாது. மூச்சு வேகத்தைப் பதினெட்டாக்குகிறேன். நூற்றுப் பதினாலு. இதயத் துடிப்பின் கோட்டில் நடுவே ஒரு துடிப்பு தடம் மாறி விழுகிறது. இன்னொன்று. அமிலம். கரியமில வாயு ரத்தத்தில் கரைந்தால் அமிலம், அமிலம் ஏறினால் இதயம் தடுமாறும், ஒரு கட்டத்துக்கு மேல் தடுமாறினால் நின்றுவிடும், இட்லிக்கடைக்காரி என்றும் ஒரு லிட்டர் மேடம் என்றும் அதற்குப் பேதம் தெரியாது. ஐம்பத்தொன்பதுக்கு ஐம்பத்தொன்பது என்று நான் கன்னத்தில் போட்டுக்கொள்கிற அதே ஒழுங்குதான் இவளைக் கொன்றாலும் கிராம் பிசகாமல் கொல்லும். இவ்வளவு நாள் எதை வணங்கிக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது, பயமாக இருக்கிறது, அப்படியும் வணக்கம் குறையவில்லை, கூடுகிறது. "டாக்டர்" என்கிறேன். குரல் எனக்கே புதிதாக இருக்கிறது. "ஒரு அஞ்சு நிமிஷம் குடலை இழுக்காதீங்க. கார்பன் டை ஆக்சைடு ஏறியிருக்கு. சுண்ணாம்பு தீர்ந்திருக்கு, நான் பாக்கல." ஜெயசிங் கையை அப்படியே நிறுத்துகிறார். நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். "நீங்களா மேடம்?" என்கிறார். கேலி இல்லை, நிஜமாகவே ஆச்சரியம். "நான்தான்." பஞ்சை வைத்து அமுக்கிக்கொண்டு நிற்கிறார். துருத்தி மட்டும் இரைகிறது. நூற்றுப் பதினாலு. நூற்றுப் பதினாலு. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறேன், கருவி இருக்கும்போது கையால் பிடிக்க வேண்டியதில்லை, பிடித்துக்கொள்கிறேன். இட்லித் தட்டு சுட்ட தழும்பு ஒன்று, ஆறின தழும்பு, விரலுக்கு வழுவழுப்பாகத் தட்டுப்படுகிறது. வா ஒச்சம்மா. வெளியே விடு. இன்னும் கொஞ்சம். நூற்றுப் பதினொன்று. கண்ணை மூடித் திறக்கிறேன், நூற்று எட்டு. தடம் மாறிய துடிப்பு வரவில்லை. நூற்று மூன்று. "கசிவு கம்மியாகுது" என்கிறார் ஜெயசிங், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. தொண்ணூற்றாறு. எனக்குத் தெரியாமல் நானும் பதினெட்டு மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன், துருத்தியோடு சேர்ந்து, தலை கிறுகிறுக்கிறது.

எண்பத்தெட்டுக்கு வந்த பிறகு டப்பாவைக் கழற்றுகிறார் சங்கிலி, அதைச் சுற்றிப் போகும் வழியில் காற்றைத் திருப்பிவிட்டு. புதுப் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டுகிறார், மாட்டுகிறார், பிளாஸ்டரில் தேதியும் மணியும் எழுதுகிறார், எழுத்து மேல் இன்னொரு பிளாஸ்டரை ஒட்டுகிறார். பழையதை ஒரு பிளாஸ்டிக் பையில் கொட்டி வைத்திருக்கிறார். "எறிஞ்சிரவா மேடம்?" "இருங்க. நிறுத்துட்டு வாங்க." "எதுல?" தியேட்டர் மூலையில் சிசேரியன் குழந்தைகளை நிறுக்கிற தராசு இருக்கிறது, அதைக் காட்டுகிறேன். பிறந்த பிள்ளையை வைக்கிற தட்டில் துணி விரித்து, பையை வைத்து, எட்டிப் பார்த்துப் படிக்கிறார். "ஒரு கிலோ எரநூத்தி நாப்பது." போட்டது ஒரு கிலோ. இருநூற்று நாற்பது கிராம் எங்கிருந்து வந்தது? மணிக்கு இருபத்திரண்டு, அப்படியானால் பதினோரு மணி நேரம், கிட்டத்தட்ட. "அண்ணே, திங்கள்லேர்ந்து இந்த மெஷின்ல என்னென்ன கேஸ்?" விரல் மடக்குகிறார். தைராய்டு ஒன்று, ரெண்டு மணி நேரம். பித்தப்பை ஒன்று, ரெண்டு. மார்புக் கட்டி, மூன்று. கை எலும்பு உடைந்த பாலிடெக்னிக் பையன், மூன்று. டான்சில் பாப்பா, ஒரு மணி. கூட்டினால் பதினொன்று. சங்கிலி என் முகத்தைப் பார்க்கிறார், நான் பையைப் பார்க்கிறேன். அந்தப் பாப்பாவின் மூச்சு இருக்கிறது அதில், கை உடைந்த பையனுடையது இருக்கிறது, ஐந்து பேருடைய மூச்சும் குழந்தைத் தராசில் உட்கார்ந்திருக்கிறது, கையால் தூக்கலாம். சுண்ணாம்பு இவ்வளவு துல்லியமாக எழுதி வைத்திருந்திருக்கிறது. பிளாஸ்டரில் அழிந்துபோனதைத் தனக்குள் அழியாமல் வைத்துக்கொண்டு, யாராவது ஒருத்தி நிறுத்துப் பார்க்கமாட்டாளா என்று என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. கூட்டல் சரியாக வந்துவிட்டது. சரியாக வந்ததுதான் நெஞ்சில் இடிக்கிறது. பதினோரு மணி நேரமும் அந்த ஐந்து பேருக்கே போய்விட்டது. இன்றைக்கு ஓடிய முக்கால் மணி நேரத்துக்கு இதில் இடமே இல்லை. ஏதோ ஒன்றிரண்டு கிராம் ஒட்டியிருக்கலாம், அதைத் தராசு காட்டாது. ஒச்சம்மாளின் மூச்சு இந்தப் பையில் இல்லை.

ஒன்று இருபதுக்கு ஜெயசிங் கடைசித் தையலைப் போட்டார். குடல் பிழைத்துக்கொண்டது, வெட்ட வேண்டியிருக்கவில்லை. கட்டிப்போட்ட தசைகளை மாற்று மருந்து கொடுத்து அவிழ்த்துவிட்டேன். துருத்தியை நிறுத்தினேன். நின்றது. ஒன்றும் நடக்கவில்லை. பத்து வினாடி, பதினைந்து, அவள் மார்பைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தப் பதினைந்து வினாடியில் எனக்குத் தெரிந்த வேதியியல் அத்தனையும் போய்விட்டது, வெறும் பொம்பளையாக நின்றேன். பிறகு மார்பு தானாக எழும்பிற்று. இறங்கிற்று. திரும்ப எழும்பிற்று. எதுவும் தெரியாமல், யாரையும் கேட்காமல், எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. தொண்டைக் குழாயை எடுத்தேன், இருமினாள், முகமூடியை அவள் வாயருகே பிடித்துக்கொண்டிருந்த என் விரல்களில் அவள் மூச்சு வெதுவெதுப்பாக அடித்தது. "ஒச்சம்மா, கண்ணத் தொறங்க. ஆப்பரேசன் முடிஞ்சுது." இமை பிரிந்தது. விட்டத்து விளக்கைப் பார்த்து முகம் சுளித்தாள். கையைத் தூக்கச் சொன்னேன், தூக்கினாள். பெயர் கேட்டேன், சொன்னாள், கேட்கிறதே ஒரு கேள்வியா என்பது போல. வயிற்றை ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துத் தைத்திருக்கிறது, வலிக்கு மருந்து தயாராக வைத்துக்கொண்டு குனிந்தேன். "வயிறு வலிக்குதா?"

"வயிறு கெடக்கு" என்றாள், நாக்கு குழற. "மண்ட பொளக்குது தாயி. மூணு நாளும் இல்லாத தலவலி."

சங்கிலி தலையைக் குனிந்துகொண்டார். ஜெயசிங் கையுறையைக் கழற்றியபடி, "மயக்கம் தெளியறப்ப அப்படித்தாம்மா இருக்கும், சரியாயிரும்" என்றார் வாசலிலிருந்து. எனக்காகத்தான் சொன்னார். அப்படி இருக்காது. தலையில் ரத்தக் குழாயெல்லாம் விரிந்து, போக வழியில்லாமல் அவளுக்குள்ளேயே திரும்பியது அங்கே நின்று இடிக்கிறது; பையில் இல்லாத முக்கால் மணி நேரம் அங்கே இருக்கிறது. அவள் காதருகே குனிந்தேன். "அது என்னால வந்தது ஒச்சம்மா. நான் சரியாப் பாக்காம விட்டுட்டேன்." அவள் கண் பாதி மூடியிருந்தது, கேட்டிருக்காது. கேட்டிருக்காது என்று போய்விடலாம். இன்னும் கொஞ்சம் தெளியட்டும் என்று ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன், திரும்பவும் சொல்வதற்கு.